மொட்டைப் புத்தகத்தின் கடைசிப் பத்தொன்பது பக்கங்கள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் மாடிப்படியை ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்காதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய். வார்டன் என்றால் எல்லாக் கதவையும் நீயேதான் போய்த் தட்டவேண்டுமா? இங்கே நானும் என் மகள் வாலுவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இன்று இருபத்து மூன்றாவது நாள். அவர் என்னோடு பேசி இருபத்து மூன்று நாளாகிறது. காரணம் கேட்டால் சிரிப்பாய். அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டு விருந்தில் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, அவர் சொன்ன கதைகளுக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த வீட்டம்மா என்னிடம், "உங்களுக்கு வீட்ல நல்லா பொழுது போகும்போல" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "வீட்ல இவர் வாயே திறக்கமாட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அன்று மூடிய வாய்.

கீழ்வீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி அரைமணி நேரம் தேன் ஒழுகப் பேசுகிறார். மேலே வந்து செருப்பைக் கழற்றியதும் கல்லுளிமங்கன். ஒரு முழ தூரத்தில் நான் நிற்கும்போதே வாலுவிடம், "அம்மாகிட்ட சொல்லு, நீலச் சட்டையில பட்டன் இல்லைன்னு" என்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை என் பக்கம் திரும்பி அதை அப்படியே ஒப்பிக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 'அவர் நம்ம கடிகாரக்காரர்டீ.' அந்த மொட்டைப் புத்தகத்தை என்றைக்குத்தான் விடப்போகிறோமோ. முன்னட்டை கிடையாது, பின்னட்டை கிடையாது, ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கி முந்நூற்றுப் பன்னிரண்டில் அறுந்துபோன நாவல். அப்போது பெயர்கூடத் தெரியாத அதை வைத்துத்தானே நாம் இரண்டு பேரும் உலகத்தையே அளந்தோம். கணக்கு டீச்சர் ஊசிநாக்கு அத்தை, மாமா தபால்காரன், வீட்டில் பேசாத ஆம்பிளை எல்லாம் கடிகாரக்காரர். கிழிந்துபோன முடிவை நீ பள்ளி நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்துப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாய். மனைவியிடம் பேசாத அந்தக் கடிகாரக்காரர், பதினோரு வருஷமாக அவள் பேசியதையெல்லாம் ஒரு நோட்டில் பொடி எழுத்தில் எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தார் என்று. எனக்கு அப்போது பதினோரு வயது. கேட்டுவிட்டு அழுதேன். என் கல்யாணத்துக்கு முந்தின வாரமும் அதையே சொன்னாய்.

ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் சொல். நானும் வாலுவும் கொஞ்ச நாள் உன்னோடு வந்து இருக்கலாமா? ஹாஸ்டலில் ஒரு அறை காலி இருந்தால் போதும், வாடகை கொடுத்துவிடுவேன். போன் செய்யாதே. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பதிலை நான் பல் செட் செய்கிற லேப் முகவரிக்குப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பழைய மாதிரிதான், எண்ணெய் தடவுகிறேன். வாலுவுக்குப் பல் விழுந்து முளைத்ததா? பல் செய்கிறவள் மகளுக்குப் பல்லில்லை என்று யாராவது கேலி பண்ணப்போகிறார்கள்.

இங்கே பதினான்கு அறையும் நிரம்பி வழிகிறது. மூன்றாம் அறையில் இரண்டு கட்டிலுக்கு மூன்று பேர். குளியலறைக்குக் காலையில் வரிசை. குழந்தையோடு நீ வந்து என்ன செய்வாய்?

கோபத்தில் ஒரு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற பெண்கள் இங்கே மாதம் ஒருத்தியாவது வருகிறார்கள். முதல் வாரம் பாட்டும் சிரிப்புமாக இருக்கும். மூன்றாம் வாரம் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்க்காததா?

அவர் குடிக்கிறாரா, கை நீட்டுகிறாரா, சம்பளத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறாரா? பேசவில்லை, அதுதானே. பேசாத ஆளின் மனசு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கவேண்டும். எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். டீயை ஆறவைத்து, ஆடையை டம்ளர் ஓரமாக ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாமல் குடிக்கிற மனிதர் கெட்டவராக இருக்கமுடியாது. டிராயரைத் திறந்து பார்த்தாயா?

வாலுவுக்கு என் முத்தம்.
அக்கா

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது பரவாயில்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாற்பத்தொன்பதாவது நாள். இதற்கு முன்னால் இருந்த சாதனை நாற்பத்தொன்று.

டிராயரைப் பார்த்தாயா என்று கேட்டாய். பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா, உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் ஆபீஸ் போனபிறகு திருடி மாதிரி ஒவ்வொரு டிராயராகத் துழாவுவேன். சட்டைகளுக்கு அடியில், பழைய பெட்டியில், பரணில்கூட. உன் கடிதம் வந்த அன்றும் பார்த்தேன். மேல் டிராயரில் வீட்டுச் சாமான்களின் உத்தரவாத அட்டைகள், வாங்கின தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு இருக்கின்றன. மிக்ஸிக்கு இருக்கிறது, மின்விசிறிக்கு இருக்கிறது. இஸ்திரிப்பெட்டி போன வருஷமே உடைந்துபோயிற்று, அதற்கும் பத்திரமாக இருக்கிறது. நான் பேசினது ஒரு வரிகூட எங்கேயும் இல்லை.

போன வாரம் மூன்று நாள் காய்ச்சலில் கூடத்துப் பாயில் கிடந்தேன். சமையலறைக்குப் போகிற வழி அது. மூன்று நாளும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார். கால் படாமல் கவனமாகத்தான் போனார், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையும் ஒரு நல்ல குணம் என்று நீ எடுத்து எழுதுவாய்.

ஆத்திரமாக இருக்கிறது அக்கா. எனக்காக மட்டும் இல்லை. வாலு பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு ஐந்து நாளாகப் பேசவில்லையாம். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பெண் இவள் ரப்பரைக் கேட்காமல் எடுத்தாளாம். அந்தக் குழந்தை அழுது, புது ரப்பரே வாங்கிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறது. இவள் மோவாயைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். "ஏன்டி பேசல?" என்று கேட்டேன். "அவ எப்ப தப்பு ஒத்துக்கறான்னு பாக்கறேன்" என்கிறாள். அவருடைய அதே மோவாய்.

இவளை இந்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷம் விட்டால் முழுசாகப் படித்து முடித்துவிடுவாள். மறுபடியும் கேட்கிறேன். ஒரு அறை. ஒரு மூலை போதும்.

தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி. கஞ்சியாகக் குடி. இங்கே தண்ணீர்க் குழாய் உடைந்து ஒரு வாரமாக ஒரே ரகளை, அதனால்தான் தாமதம்.

குழந்தைகள் இன்றைக்குச் சண்டை போடும், நாளைக்குக் கூடிக்கொள்ளும். அதற்கெல்லாம் அப்பாவைக் குற்றம் சொன்னால் எப்படி? அறை ஒன்றும் காலியில்லை.

நீ அவசரக்காரி. சின்ன வயசிலேயே அப்படித்தான், பால் கொதிக்கிறதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாய். கடிகாரக்காரர் பெண்டாட்டி பதினோரு வருஷம் பொறுத்தாள். உனக்குப் பத்துதானே ஆகிறது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

வழக்கமாக முதலில் உடம்பை விசாரிப்போம். இன்று மனசு வரவில்லை. வழக்கத்துக்காகக் கேட்கிறேன். முழங்கால் எப்படி?

எங்கள் லேப்பில் பிளாஸ்டரில் எடுத்த பல் அச்சுகளை முனை உடையாமல் காகிதத்தில் சுற்றித்தான் டாக்டர்களுக்கு அனுப்புவோம். அதற்காக முதலாளி பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கிப் போடுவார். செவ்வாய்க்கிழமை ஒரு மேல்தாடையைச் சுற்றுவதற்கு ஒரு தடிமனான புத்தகத்தை விரித்து, கடைசிப் பக்கங்களைப் பிடித்துக் கிழிக்கப்போனேன். 'கடிகாரக்காரர் கண்ணிலிருந்து கண்ணாடியை எடுக்கவில்லை' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. பாராமல் சொல்லுவேனே அந்தப் பக்கத்தை. முந்நூற்று நான்கு. அதற்குப் பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்தது. முந்நூற்றுப் பதிமூன்றும் இருந்தது. முந்நூற்று முப்பத்தொன்று வரைக்கும் இருந்தது.

தாடையை மேஜைமேல் அப்படியே போட்டுவிட்டு, நின்றுகொண்டே பத்தொன்பது பக்கத்தையும் படித்தேன்.

நோட்டும் இல்லை, கீட்டும் இல்லை. டிராயரில் ஸ்பிரிங்கும் திருகும்தான் இருக்கின்றன. பதினோராவது வருஷம் ஒரு சாதாரண மத்தியானத்தில் அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போகிறாள். கதவுச் சத்தம் அவருக்குக் கேட்கிறது. தலை நிமிரவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்தவரிடம் மழை வருமா வராதா என்று சிரித்துப் பேசுகிறார். ராத்திரி எல்லாக் கடிகாரத்துக்கும் சாவி கொடுத்துவிட்டுப் படுக்கிறார். முடிந்தது கதை.

நீ நூலகத்தில் எதையும் படிக்கவில்லை. சரி, பதினைந்து வயதில் தங்கச்சி அழுகிறாள் என்று ஒரு கதை கட்டினாய். அதை மன்னிக்கலாம். எனக்கு இருபத்து மூன்று வயதில், தாலி ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால், "இந்தக் கல்யாணம் வேணாம்க்கா, அவர் ஒரு வார்த்தைகூடப் பேசல" என்று உன் மடியில் படுத்து நான் அழுதபோது, அதே பொய்யை மறுபடியும் எடுத்து ஊட்டினாயே, அது எதற்கு? நீ பொய்யாகக் கட்டின நோட்டைத்தான் நான் பத்து வருஷமாக அடுத்தவர் சட்டைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேனா?

இன்னொன்று. உன் ஜனவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். டீயை ஆறவைத்து, ஆடையை ஒதுக்கிக் குடிப்பாராம். கல்யாணமான முதல் மாதமே வயிற்றுப்புண் என்று டாக்டர் சொல்லி அவர் டீயை விட்டுவிட்டார். பத்து வருஷமாக எங்கள் வீட்டில் டீ கிடையாது. என்னைப் பார்க்க வந்த அன்று நீ வெளியூரில் பயிற்சியில் இருந்தாய். கல்யாண மண்டபத்தில்தான் அவரை முதலில் பார்த்ததாகச் சொன்னாய்.

அப்படியானால் நீ எப்போது அவர் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்தாய்?

அந்தப் பத்தொன்பது பக்கங்களையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படி. அறை கேட்கவில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

தங்கை

ஏப்ரல் 2

அக்கா,

பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையோ என்று தபால் நிலையத்தில் விசாரித்தேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய்.

நூற்று நான்காவது நாள். அங்கே உனக்குப் பதினைந்தாவது நாளாவது இருக்கும்.

தங்கை

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

இன்னும் பதில் இல்லை. நேற்று லேப்பிலிருந்து உனக்குப் போன் செய்தேன். எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, பிறகு வைத்துவிட்டாய். அந்த மூச்சு எனக்குப் பழக்கமானது. பத்து வருஷமாக இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் இருக்கிற பேசாத ஆம்பிளைக்கெல்லாம் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்தோமே, நம் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருந்ததைப் பார்க்கவில்லை. ஹாஸ்டல் பெண்களிடம் நாள் முழுக்கப் பேசுவாய். பேசவேண்டியவளிடம் வாயைத் தைத்துக்கொள்வாய். குற்றம் செய்தவர் பேசாமல் இருப்பதும், குற்றம் கண்டுபிடித்தவர் பேசாமல் இருப்பதும் எதிரே இருக்கிறவளுக்கு ஒரே மாதிரிதான் வலிக்கிறது, அக்கா.

நேற்று வாலு என்னோடு பேசவில்லை. நான் திட்டினேனாம். தண்ணீர் வேண்டும்போது அப்பாவிடம் போய், "அம்மாகிட்ட தண்ணி கேளுங்க" என்றாள். அவர் சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இனி எழுதமாட்டேன்.

தங்கை

மே 6

என் அன்புத் தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வாலு எப்படி இருக்கிறாள்?

ஏழாம் அறை காலியாக இருக்கிறது. நவம்பரிலிருந்தே காலி. ஜனவரியில் நீ கேட்டபோதும் காலியாகத்தான் இருந்தது.

அவர் முதலில் என்னைப் பார்க்கத்தான் வந்தார். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். அவரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்தேன். அவர் பேசவில்லை என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, வெட்கம் என்று நினைத்தேன். அவருடைய அம்மா, "சர்க்கரை போதுமாப்பா?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். இவர் டீ டம்ளரில் ஆடையை ஒதுக்கிக்கொண்டே இருந்தார், திரும்பக்கூட இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்கள். அந்த முகத்தில் இருந்தது பயம். பெற்ற பிள்ளையிடம் பயம். நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் வேண்டாம் என்றேன். நல்ல வேலை, நல்ல இடம், காரணம் சொல் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். பெரியவள் வேண்டாம் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். எனக்குத் தப்பித்தால் போதும் என்று இருந்தது. "சின்னவளுக்குப் பாருங்கப்பா, அவளுக்கு இந்த மாதிரி ஆளைத்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. அவர் உன்னைப் பார்க்க வந்த அன்று, அவர் கண்ணில் படாமல் இருக்க, சிநேகிதி வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் என்னைப் பார்த்ததை உன்னிடம் சொல்லக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசிவைத்துக்கொண்டார்கள். நீ மடியில் படுத்து அழுதபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சம்பந்தம் மறுபடி என் பக்கம் திரும்புமோ என்று பயந்து, அந்த நோட்டுக் கதையைச் சொன்னேன்.

தெரிந்தே உன் தலையில் கட்டினேன். இதை எழுத ஐம்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு ராத்திரியும் உட்கார்ந்து முழங்கால் வலி என்று எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லையே, அது உனக்குச் செய்ததற்கான தண்டனை என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய். இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு நானே வருகிறேன். ஒரு வார்த்தை எழுது.

அக்கா

மே 19

அக்காவுக்கு,

நானும் வாலுவும் நலம். இந்தத் தடவை எழுத வருகிறது. வெள்ளிக்கிழமை நீ வந்தபோது, அவரும் ஆபீஸ் போயிருப்பார், அந்த வீடு பூட்டியிருந்திருக்கும். மே முதல் தேதியே வந்துவிட்டோம். லேப்புக்கு மாடியில் ஒரு அறை, முன்பு பிளாஸ்டர் மூட்டை அடுக்கியிருந்தார்கள். எத்தனை பெருக்கினாலும் தரையில் வெள்ளைத்தூள். முதலாளி சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொள்கிறார். உன் கடிதம் கீழே லேப்புக்கே வந்ததால் கிடைத்தது.

புத்தகத்தில் அவள் சொல்லாமல் போகிறாள். எனக்கு அது சரிப்படவில்லை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாலுவையும் பக்கத்தில் உட்காரவைத்தேன், கேட்கட்டும் என்று. பத்து வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினேன். காய்ச்சலில் தாண்டிப் போனது, பட்டன், பிள்ளையைத் தபால்பெட்டி ஆக்கினது, டிராயரில் நான் தேடினது, எல்லாம். அவர் பேப்பரை நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்தார். நான் எழுந்து கதவு வரைக்கும் போனேன். நூற்று முப்பத்து மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தார்.

"சாவிய வச்சிட்டுப் போ" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போது வாலு கேட்டாள், "அப்பா உன்கிட்ட நேரா பேசிட்டாருல்லம்மா, அப்ப நாம திரும்பிப் போகலாமா?" என்று. தெருவில் நின்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது அவள் வாய் ஓயமாட்டேன் என்கிறது. ரப்பர் எடுத்த பெண்ணுக்கு இவளே இரண்டு ரப்பர் வாங்கிக் கொடுத்தாளாம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை படித்துவிட்டுக் கையில் இருந்த அச்சை வீசி எறிந்தேன். யாரோ ஒருவரின் கீழ்த்தாடை, பாவம், திரும்பச் செய்யவேண்டியதாயிற்று. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து உனக்கு அரைமணி நேரத்தில் புரிந்தது எனக்குப் புரிய பத்து வருஷம் ஆனது. அந்தப் பத்து வருஷத்தை நீ எனக்குத் தரமுடியாது. கோபம் போகவில்லை. போகும் என்றும் சொல்லமாட்டேன். ஏழாம் அறையை யாராவது கேட்டு வருகிறவளுக்குக் கொடு. இருக்கும்போது இல்லை என்று சொல்லாதே.

ஆனால் நீ வா. வரும்போது மொட்டைப் புத்தகத்தைக் கொண்டுவா. என்னிடம் இருக்கிற பத்தொன்பது பக்கங்களை நானே அதில் ஒட்டுகிறேன், லேப் பசையில் ஒட்டினால் பிரியாது. வாலுவுக்கு அந்தக் கதையை, நீ கட்டின நோட்டுக்கு முன்னால் வரைக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். முடிவை நீதான் அவளுக்கு வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஒரு வார்த்தை மாற்றாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படி இருபத்திரண்டு இருக்கிறது, கைப்பிடி கிடையாது. முழங்காலைப் பார்த்து ஏறு.

உன் தங்கை